வெட்கமும் வலையும்

கொடைரோட்டில் நாம் மாலை மக்தபு நடத்தி வந்த காலத்தில், ஓத வரும் சிறுவர்களின் கையில் அவ்வப்போது மடித்த துண்டுத்தாள் ஒன்று நம்மிடம் வந்து சேரும். வீட்டுப் பெண்மக்கள் கேட்டனுப்பும் மஸ்அலாக்கள் அவை. எழுதியவர் பெயர் இராது, நாமும் கேட்பதில்லை. விடையை அதே தாளின் பின்புறம் எழுதி, மடித்து, வந்த கையிலேயே கொடுத்தனுப்புவது வழக்கம். அத்தாள்களில் ஒன்று மட்டும் இன்றளவும் நெஞ்சை விட்டு அகலவில்லை. ருகூஉக்குக் குனியும்போதும் ஸுஜூதிலிருந்து எழும்போதும் கீழே ஏதோ இறங்கி வருகிறது, ஈரமும் படுகிறது, ஒளு முறியுமா, தொழுகை கூடுமா என்பதே அதிலிருந்த வினா.

நாம் கிதாபைப் புரட்டினோம். உஸ்ருடையோர்க்குரிய சட்டம் கைவசம் இருந்தது. ஒரு வக்து முழுவதும் கசிவு நிற்காதாயின், ஒவ்வொரு வக்துக்கும் ஒருமுறை ஒளு செய்துகொண்டு அந்த வக்து முடியும்வரை தொழலாம், ஓதலாம். கசிவு அதற்குத் தடையாகாது என எழுதியனுப்பினோம். விடை சரியானதே. இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வோம். ஆயினும், கேட்டவர் ஒரு நோயாளி என்பதோ, அந்நோய்க்கு ஒரு பெயருண்டு, அதற்குப் பரிகாரமுண்டு என்பதோ நம் சிந்தையில் தட்டவேயில்லை. 'தாயே, மருத்துவரிடம் காட்டினீர்களா?' என ஒரே ஒரு வரி சேர்த்தெழுத நமக்குத் தோன்றவில்லை. பத்தாண்டு ஓதிக் கற்ற கல்வி அந்த ஒரு வரியைக் கற்றுத் தரவில்லை என்று கல்வியின்மீது பழி போடவும் நாம் விரும்பவில்லை. குறை நம்முடையது.

தாளை அனுப்பியவர் யார் என்பது பதினோராண்டு கழித்து, 2013ஆம் ஆண்டில் தெரிய வந்தது. தாள் கொண்டுவந்த சிறுவன் வாலிபனாகித் தன் அத்தாவுடன் நம்மைத் தேடி வந்தான். அவனுடைய நன்னிக்குப் பெருநகர் ஒன்றின் தனியார் மருத்துவமனையில் 'வலை வைத்து' அறுவை செய்யப் போகிறார்களாம். உடம்புக்குள் பிளாஸ்டிக் வலையை நிரந்தரமாக வைப்பது மார்க்கத்தில் கூடுமா என்பது அவர்கள் கேள்வி. சிகிச்சைக்காக வைப்பது கூடும் என்றோம். மகிழ்ந்து சென்றார்கள். இம்முறையும் விடை சரியானதே. இம்முறையும் அது அரைகுறையானதே. வைத்த வலையை எடுக்க நேர்ந்தால் எடுக்க முடியுமா என்று அவர்களும் மருத்துவரைக் கேட்கவில்லை. கேளுங்கள் என்று நாமும் சொல்லவில்லை.

ஓராண்டு சென்றது. அம்மூதாட்டிக்கு ஸுஜூது கிடக்கட்டும், திண்ணையில் சேர்ந்தாற்போல் கால்மணி நேரம் உட்காரவும் இயலாமற் போயிற்று. வலையின் விளிம்பு சதையை அறுத்துக்கொண்டு வெளிப்பட்டிருந்தது. முதலில் வயதின் வலி என்றார்கள். பிறகு மனதின் வலி என்றார்கள். அதற்கும் பிறகே மீண்டும் அறுத்து, எட்டிய மட்டும் வெட்டி எடுத்தார்கள். எஞ்சியது உள்ளேயே இருக்கிறது.

இதை எழுதப் போகிறோம் என்றபோது நம்மீது அன்புடைய பெரியவர் ஒருவர் தடுத்தார். "குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் ஏடு. தாயும் மகனும் ஒரே இதழைப் புரட்டுவார்கள். இதையெல்லாம் அதில் எழுதலாமா?" என்றார். அவர் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. அவர் கூற்றைத்தான் மறுக்கிறோம். இக்கட்டுரை முழுவதுமே அவருக்கான மறுமொழி என்று கொண்டாலும் சரியே.

முதலாவது, எந்தக் கல்வியின் பெயரால் இந்த வாயடைப்பு நிகழ்கிறதோ அந்தக் கல்விக்கு இந்த வெட்கம் கிடையாது. அரபு மத்ரஸாக்களில் இருபது வயதுகூட நிரம்பாத மாணவர்கள் ஹைளு, நிஃபாஸ் பாடங்களை உஸ்தாதின் முன்னிலையில் உரக்க வாசிக்கிறார்கள். நிகாஹ் பாடத்தில் பெண்ணுக்கு வரும் உறுப்புக் குறைகள் பெயர் சொல்லியே பேசப்படுகின்றன. உள்ளிருப்பது வெளித்தள்ளி நிற்கும் நிலைக்கு 'அஃபல்' எனத் தனிச் சொல்லே உண்டு. இப்னு ஸீனா தம் அல்கானூன் பெருநூலின் மூன்றாம் பகுதியில் கருப்பை இடம்பெயர்ந்து வெளித்தள்ளுவது பற்றித் தனியே எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதியவருக்கு வராத நாணம் நமக்கு எங்கிருந்து வந்தது? அன்ஸாரிப் பெண்கள் மார்க்கத்தைக் கேட்டறிய நாணம் தடையாகவில்லை என்பதற்காகவே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைப் பாராட்டினார்கள் என்பதை நாம் வெள்ளிதோறும் மேடையில் சொல்கிறோம். மேடையை விட்டிறங்கியதும் அதே கேள்வியைக் கேட்கும் பெண்ணை வெட்கங்கெட்டவள் என்கிறோம்.

நோய் இன்னதெனச் சொல்லிவிடுவோம். பெண்ணின் இடுப்புக் கூட்டின் அடியில், தொட்டில் துணி போலத் தசைகளும் நார்களும் பின்னிக் கிடக்கின்றன. கருப்பை, முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல் ஆகிய மூன்றும் அத்தொட்டிலின் மேல் அமர்ந்திருக்கின்றன. பேறுகாலத்தில் அத்துணி இழுபடுகிறது, சில இடத்தில் கிழிகிறது. ஓய்வு கிடைத்தால் பெரும்பாலும் தேறுகிறது. தேறுமுன் பாரம் தூக்கினால், ஆண்டுக்கணக்கில் இருமினால், மலச்சிக்கலால் முக்கினால், மாதவிடாய் நின்று தசை மெலிந்தால், மேலிருப்பது கீழே சரிகிறது. ஊரார் 'அடி இறங்கிவிட்டது', 'அடி தள்ளுகிறது' என்பார்கள். மருத்துவமனையில் கர்ப்பப்பை இறக்கம் என்பார்கள். உயிரைக் கொல்லும் நோயன்று. அதனாலேயே யாரும் அவசரப்படுவதில்லை. உட்கார, நடக்க, சிறுநீர் அடக்க, கணவனோடு கூடி வாழ, தொழ என ஒவ்வொன்றாய் வாழ்வின் வாயில்களை அது சாத்திக்கொண்டு வருகிறது.

நம் பக்கத்துப் பெண்களைக் கண்ணாற் பார்ப்போர்க்குக் காரணம் விளக்க வேண்டியதில்லை. கொடைரோட்டைச் சுற்றியுள்ள திராட்சைப் பந்தலில் கூடை சுமப்பவர் யார்? நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகும் மல்லிகையை விடியுமுன் குனிந்து பறிப்பவர் யார்? குடத்தை இடுப்பிலும் விறகைத் தலையிலும் ஏற்றிக்கொண்டு நடப்பவர் யார்? நம் சமுதாயத்துப் பெண்கள் தோட்டவேலைக்குப் போவது குறைவு என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். வீட்டுக்குள் தூக்கும் அண்டாவுக்குக் கனமில்லையா? பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது என்கிறோம். அந்த நாற்பது நிஃபாஸின் உச்சவரம்பு என்ற அளவில் மிகக் கவனமாக எண்ணப்படுகிறது. தொழுகை எப்போது கடமையாகும் என்று நாள் குறிக்கும் மாமியார், அதே மருமகள் ஏழாம் நாளே நீர் இறைப்பதையும், ஈரவிறகின் புகையில் இருமிக்கொண்டு பிரியாணிச் சட்டியை இறக்குவதையும் எண்ணுவதில்லை.

செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981 முதல் கிராமத்துப் பெண்களிடையே பணியாற்றிவரும் 'ருவ்செக்' என்னும் பெண்கள் அமைப்பு, டி. கே. சுந்தரி ரவீந்திரன் முதலியோரின் முயற்சியில், தமிழ்நாட்டுப் பெண்கள் இந்நோயோடு வாழ்ந்த வாழ்க்கையை அவர்கள் வாய்மொழி கொண்டே ஆராய்ந்து 1990களின் இறுதியில் வெளியிட்டது. நோய் கிழவிகளுக்கு மட்டும் வருவதன்று என்பதும், வந்தபின் வெளியே சொல்லாமலே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதும் அதனால் ஏட்டில் ஏறின. நேபாளத்தில் இந்நோயின் கொடுமை மிகுதி. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டில் இதைப் பெண்ணின் உரிமைப் பிரச்சினை என்றே தீர்ப்பளித்தது. ஒரு மலைநாட்டின் நீதிபதிகள் மன்றத்தில் அமர்ந்து பேசியதைத்தான் நம் பெரியவர் ஏட்டில் எழுதாதே என்கிறார்.

இனி வலைக்கு வருவோம். குடலிறக்கத்துக்கு வயிற்றுச் சுவரில் வலை வைத்துத் தைப்பது நெடுநாளைய வழக்கம். பலர் அதனால் நலமடைந்திருக்கிறார்கள். நம் மஹல்லாவிலேயே அப்படி நலமடைந்து நடமாடுவோர் உண்டு. அதை நாம் குறை கூறவில்லை. பாலிபுரொப்பலீன் என்னும் பிளாஸ்டிக் இழையால் நெய்த அந்த வலையின் கண்களுக்குள் சதை வளர்ந்து, வலையும் சதையும் ஒன்றாகிவிடும். வயிற்றுச் சுவருக்கு அது பலம். இதையே பெண்ணுறுப்பின் வழியாகச் செலுத்தி, இறங்கிய உறுப்புகளைத் தாங்கவைத்தால் என்ன என்று கம்பெனிகள் கருதின. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டகமான எஃப்.டி.ஏ. முதல் வலைக்கு வழிவிட்டது. மனிதர்மீது சோதித்துக் காட்டு என்று அது கேட்கவில்லை. ஏற்கெனவே சந்தையிலிருக்கும் பொருளுக்கு இது ஒப்பானது என்று காட்டினாலே போதும் என்ற விதியின்படி வழிவிட்டது.

உஸூலுல் ஃபிக்ஹு ஓதிய மாணவன் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவான். இது கியாஸ். ஒன்றின் சட்டத்தை மற்றொன்றுக்கு ஏற்ற வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவான இல்லத், அதாவது காரணம், இருந்தாக வேண்டும். வயிற்றுச் சுவர் தடித்தது, உலர்ந்தது, அசைவு குறைந்தது. பெண்ணுறுப்பின் சுவரோ மெல்லியது, ஈரமானது, கிருமி நீங்காதது, அசைவதும் விரிவதுமே அதன் இயல்பு. இரண்டையும் ஒன்றென்று சொல்வது கியாஸ் மஅல் ஃபாரிக்; வேறுபாடு கண்முன் நிற்கவும் அதைக் காணாது ஒப்பிடுதல். வாதாட்டத்தில் இப்படி ஒப்பிட்ட மாணவனை உஸ்தாது மறுவகுப்புக்குப் போ என்றிருப்பார். ஈண்டு அப்படிச் சொல்வாரில்லை.

இஸ்னாதின் நிலை இதனினும் மோசம். புரோட்டெஜென் என்றொரு நாடா, சிறுநீர் கசிவை நிறுத்துவதற்கென விற்கப்பட்டது, தீங்கு பெருகியதால் 1999 ஜனவரியில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்கு ஒப்பானது என்று காட்டி அனுமதி பெற்ற நாடா, அதன் பிறகும் சந்தையில் இருந்தது. அதை வைத்து மற்றொன்று, அந்த மற்றொன்றை வைத்து இன்னொன்று எனச் சங்கிலி நீண்டது. அறிவிப்பாளர் தொடரில் ஒருவர் மத்ரூக், அதாவது தள்ளப்பட்டவர், என்று தெரிந்தால் அந்த ஹதீஸின் கதி என்னவென்பதை நம் சிறுவர்களும் அறிவார்கள். முதல் அறிவிப்பாளரே தள்ளப்பட்ட பிறகும் தொடரை ஸஹீஹ் என்று கைக்கொண்ட விந்தை இது! ஜான்ஸன் அண்ட் ஜான்ஸன் குடும்பத்தைச் சேர்ந்த எதிக்கான் கம்பெனியின் 'புரோலிஃப்ட்' என்னும் வலை 2005இல் அந்த ஒப்புமை அனுமதிகூடப் பெறாமலே விற்பனைக்கு வந்தது. அனுமதி 2008இல் வந்தது. 2012இல் கம்பெனி விற்பனையை நிறுத்தும் முடிவை அறிவித்தது. நம் வீட்டுத் தொட்டிலின் பக்கத்தில் பவுடர் டப்பாவில் காணும் அதே பெயர்தான்.

தீங்கு எப்படி நேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே வைத்த வலை காலப்போக்கில் சுருங்குகிறது. சுருங்கினால் இழுக்கிறது; இழுத்தால் வலிக்கிறது. விளிம்பு கூராகி மெல்லிய சுவரை அறுத்து வெளிப்படுகிறது. சிலருக்குச் சிறுநீர்ப்பைக்குள்ளும் குடலுக்குள்ளும் நுழைகிறது. கணவன் மனைவி உறவு இருவருக்குமே காயமாகிறது. எடுத்துவிடலாமே என்றால், சாந்துச் சுவருக்குள் பதித்த கம்பிவலையைச் சுவர் உதிராமல் உருவிவிட முடியுமா? வைப்பது ஒரு மணி நேர வேலை. எடுப்பது பல அறுவைகளின் வேலை, அப்படியும் முழுமையாக வருவதற்கு உறுதியில்லை.

எஃப்.டி.ஏ. 2008 அக்டோபரில் முதல் எச்சரிக்கை விடுத்தது. மூன்றாண்டில் ஒன்பது கம்பெனிகளிடமிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட தீங்கறிக்கைகள் வந்திருந்தன. 2011 ஜூலையில், இத்தீங்குகள் அரிதானவை அல்ல என்று மீண்டும் அறிவித்தது; 2008 முதல் 2010 வரை மட்டும் 2874 அறிக்கைகள் சேர்ந்திருந்தன. கொடைரோட்டு மூதாட்டிக்கு வலை வைத்த ஆண்டு 2013 என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் நடத்தி 2017இல் லான்ஸெட் ஏட்டில் அச்சான ஆய்வு, முதல் இரண்டாண்டுகளில் வலை வைத்தவர்க்கு வையாதவரைவிடக் கூடுதல் நன்மை இல்லை என்றும், வலை வைத்த பெண்களில் பத்துக்கு ஒருவருக்கு மேல் வலையாலேயே தொல்லை நேர்ந்தது என்றும் கண்டது. சோதனை முதலில், விற்பனை பின்னர் என்பதே முறை. இங்கே விற்பனை 2002இல், பெரிய சோதனையின் முடிவு 2017இல்!

அதன்பின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய் அடைபட்டன. ஆஸ்திரேலியா 2017 நவம்பரில் இவ்வகை வலைகளைப் பட்டியலிலிருந்து நீக்க முடிவு செய்தது. பிரிட்டன் 2018 ஜூலையில் நிறுத்தி வைத்தது. அமெரிக்கா 2019 ஏப்ரல் 16 அன்று, எஞ்சியிருந்த இரண்டு கம்பெனிகளையும், உறுப்பிறக்கத்துக்காகப் பெண்ணுறுப்பின் வழியே வைக்கும் வலையை விற்கக் கூடாதென்று ஆணையிட்டது. பாதுகாப்பானது, பயனுள்ளது என்று அவை மெய்ப்பிக்கவில்லை என்பதே காரணம். வயிற்றின் வழியாக வைக்கும் வலையையும், சிறுநீர் கசிவுக்கு வைக்கும் நாடாவையும் அந்த அமெரிக்க ஆணை தொடவில்லை. இதைக் கலந்து குழப்பி எவரையும் நாம் அச்சுறுத்த மாட்டோம்.

கதவுகளை அடைத்தவர்கள் யார்? அதிகாரிகள் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். வாய் திறந்த பெண்கள்! அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் எலெய்ன் ஹோம்ஸ், ஆலிவ் மெக்கில்ராய் என்னும் இரு பெண்கள் தம் பெயரும் முகமும் மறைக்காமல் பாராளுமன்றத்தின் முன் நின்றார்கள். 2014இல் அங்கே வலை வைப்பதை நிறுத்துமாறு அமைச்சரே மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டார். ஆஸ்திரேலியாவில் 1350 பெண்களுக்கு மேல் சேர்ந்து தொடுத்த வழக்கில் நீதிபதி அன்னா கட்ஸ்மான் 2019 நவம்பரில் கம்பெனியின் கவனக்குறைவைத் தீர்ப்பாகவே எழுதினார்; 2022இல் 30 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர உடன்பாடாயிற்று. கலிஃபோர்னிய மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக 2016இல் ஜான்ஸன் அண்ட் ஜான்ஸன்மீது வழக்குத் தொடுத்தவர் கமலா ஹாரிஸ். மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம் அவர் பாட்டனாரின் ஊர். துணைக் குடியரசுத் தலைவரானபோது அவ்வூரில் பட்டாசு வெடித்தார்களே, அவர் தொடுத்த இவ்வழக்கைப் பற்றி நம் பத்திரிகைகள் எத்தனை வரி எழுதின? 2020 ஜனவரியில் அந்நீதிமன்றம், தீங்குகளை மருத்துவரிடமும் நோயாளரிடமும் மறைத்து விளம்பரம் செய்ததற்காக ஏறத்தாழ 34 கோடியே 40 லட்சம் டாலர் தண்டம் விதித்தது. மேல்முறையீட்டில் அது 30 கோடியே 20 லட்சமாயிற்று.

பிரிட்டனில் கம்பர்லெஜ் சீமாட்டியார் தலைமையில் அமைந்த விசாரணை 2020 ஜூலையில் தந்த அறிக்கையில் நம்மைத் தைத்த செய்தி, பெண்கள் வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் அது பெண்களுக்கு இயல்பானது என்று தட்டிக் கழிக்கப்பட்டார்கள் என்பதே. லண்டன் மருத்துவரும் கொடைரோட்டு மாமியாரும் ஒரே வாசகத்தைப் பேசுகிறார்கள்!

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் இந்நோய்க்குக் கைவைத்தியம் தவிர வேறு கல்வி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. இளவயதிலேயே நோய் காணும் நம் பெண்களுக்குக் கருப்பையை நீக்காமல் தூக்கி நிறுத்தும் அறுவைகளை மும்பையின் ஷிரோத்கரும் புரந்தரேயும் வகுத்துத் தந்தார்கள். அவர்கள் பெயராலேயே உலகம் அவற்றை அழைக்கிறது. அறுவையே வேண்டாத நிலையில் இடுப்படித் தசைக்குரிய பயிற்சி பலருக்குத் தொல்லையைத் தணிக்கிறது. 'பெஸரி' என்னும் வளையம் உண்டு. அளவு பார்த்து உள்ளே பொருத்திவிட்டால் இறங்கியதை அது தாங்கும், வேண்டாதபோது எடுத்துவிடலாம், விலையும் வலையின் விலையன்று. தன் தசையையே கொண்டு தைத்துச் சீர்செய்யும் பழைய முறையும் இருக்கிறது. இத்தனையையும் சொல்லிவிட்டுக் கடைசியாக வலையைச் சொன்ன மருத்துவர் நேர்மையானவர். முதலிலேயே வலையைச் சொன்னவரிடம் காரணம் கேட்க வேண்டும். முதலிலேயே கருப்பையை எடுத்துவிடலாம் என்பவரிடமும் அவ்வாறே. தேவையின்றிக் கருப்பை நீக்கும் கொள்ளையைப் பற்றி நம் உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரலில் தலையிட்டு மாநிலங்களுக்கு உத்தரவிட நேர்ந்தது.

திண்டுக்கல்லிலிருந்து வரும் வழியிலேயே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மையார் நிறுவிய அவ்விடத்தில் கஸ்தூர்பா மருத்துவமனை தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்குப் பேறுகாலம் பார்க்கிறது. நம்மவர்கள் பிள்ளைப்பேற்றுக்கு அங்கே போகிறார்கள். இந்நோய்க்கு எங்கும் போவதில்லை. ஆண் மருத்துவராயிற்றே என்று தயங்கிய காலமும் மலையேறிவிட்டது. பெண் மருத்துவர் கிடைக்காத நிலையில் ஆண் மருத்துவர் தேவையான அளவு பார்க்க நம் இமாம்கள் எப்போதோ அனுமதித்துவிட்டார்கள். மதீனாவில் பள்ளிவாசலிலேயே கூடாரம் அடித்துக் காயம்பட்ட ஆண்களுக்கு மருந்திட்டவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி.

வெளிநாட்டில் விலக்கப்பட்ட பொருள் இங்கே வந்தால் என்னாகும் என்பதற்கு ஒரு முன்னிகழ்ச்சி உண்டு. ஜான்ஸன் அண்ட் ஜான்ஸனின் கிளைக் கம்பெனி செய்த ஏ.எஸ்.ஆர். என்னும் இடுப்பு மூட்டு 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4700 பேருக்கு அது வைக்கப்பட்டிருந்தது. அவர்களில் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தவர் ஆயிரத்துச் சொச்சம் பேரே! இழப்பீட்டுக் கணக்கை மத்திய அரசு வகுத்தது 2018இல்; 30 லட்சத்திலிருந்து 1 கோடியே 23 லட்ச ரூபாய்வரை. எட்டாண்டு கழித்து வந்த பணத்தை வாங்க மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் முகவரி இல்லை. இடுப்பு மூட்டு வெட்கப்படத்தக்க உறுப்பன்று, அதற்கே இக்கதி. வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில் வைத்த வலைக்கு யார் கணக்கெடுப்பார்? மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளைப் பதிய 2015 ஜூலையில் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. காஸியாபாத்திலுள்ள இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது. மருத்துவர் மட்டுமன்றி நோயாளரும் எழுதலாம். ஆனால் எழுத வேண்டியவள் தன் கணவனிடமே சொல்லவில்லையே!

கணவன் என்றவுடன் நம் ஆண்மக்களிடம் ஒரு வார்த்தை. இந்நோயைச் சொன்னால் தன்னை அத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று அஞ்சி மறைத்த பெண்களை நாம் அறிவோம். மனைவியின் உறுப்புக் குறையைக் காட்டி நிகாஹை முறிக்கும் உரிமையைச் சில மத்ஹபுகள் சில குறைகளுக்குத் தந்தன. நம் பக்கத்து ராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் அது இல்லை. ஹிதாயா ஓதியவர் யாரும் அதைச் சொல்வார்கள். மணக்கும் நாளிலேயே இருந்த குறைக்கு அப்படியென்றால், உம் பிள்ளைகளைப் பெற்றதனால் வந்த குறைக்கு முகம் சுளிக்க நீர் யார்?

மருத்துவர் கூட்டத்துக்கும் ஃபிக்ஹில் ஒரு பாடமுண்டு. தொழிலறிந்த மருத்துவர், நோயாளரின் சம்மதத்தோடு, வரம்பு மீறாமல் சிகிச்சை செய்தால் அதன் விளைவுக்கு அவர்மீது ஈடு இல்லை. மூன்றில் ஒன்று குறைந்தால் ஈடு கேட்கலாம். சம்மதம் என்பது அறிந்து தருவது. ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தில் அறுவைக்கு அரைமணி நேரம் முன்பு மகன் இட்ட கையெழுத்து, தாயின் சம்மதமாகுமா? அன்று நம்மிடம் மஸ்அலா கேட்க வந்தவர்களும் மகனும் பேரனும்தான். நோயாளி வரவில்லை. அவரைக் கூட்டி வாருங்கள் என்று நாமும் சொல்லவில்லை.

ஆகவே இன்று நம்மிடம் வருவோரிடம் சில கேள்விகளை எழுதிக் கொடுத்தனுப்புகிறோம். வலையின்றி என்னென்ன வழி உண்டு? பெஸரி வளையம் பார்த்தாயிற்றா? வலை எந்த வழியாக உள்ளே போகும், வயிற்றின் வழியா, பெண்ணுறுப்பின் வழியா? அது எந்தக் கம்பெனியுடையது? எடுக்க நேர்ந்தால் எடுப்பவர் இதே மருத்துவரா, வேறொருவரா? வலையின் உறையில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கையில் தருவார்களா? இவற்றைக் கேட்க வேண்டியவர் நோயாளியே. பதிலைக் கேட்க வேண்டியவரும் அவரே.

கடைசிக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஷஅபானில் அம்மூதாட்டியின் வீட்டுக்கு நலம் விசாரிக்கச் சென்றிருந்தோம். எழுபதைக் கடந்துவிட்டார். நாற்காலியில் ஒரு பக்கம் சாய்ந்து அமர்ந்துதான் தொழுகிறார். பழைய மருத்துவக் காகிதங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னோம், பேரன் காட்டினான். மூன்று பக்கச் சுருக்கக் குறிப்பில் 'மெஷ்' என்று ஒரு சொல் இருந்தது. எந்தக் கம்பெனி, எந்த எண், எந்த அளவு என்பது எதுவும் அதில் இல்லை.